திருத்துவோர் கடன்

பிழையைத் திருத்துவது நற்செயல் என்பதில் ஆசிரியர்களாகிய நமக்கு ஐயம் எழுவதே இல்லை. சிவப்பு மையோடு வாழும் தொழில் நம்முடையது. மாணவன் எழுதியதில் பிழை கண்டால் சுழிக்கிறோம்; சரியான வடிவத்தை அருகில் எழுதுகிறோம்; அத்துடன் கடமை முடிந்ததெனக் கருதி அடுத்த ஏட்டைப் புரட்டுகிறோம். அப்பிழையின்மீது வேறு எவரும் எதையும் கட்டி எழுப்பியிருக்க மாட்டார்கள் ஆதலால், அவ்வாறு கருதுவதில் குற்றமில்லை. ஆனால், ஒரு பிழை பல்லாண்டு நிலைத்து நின்று, அதனைப் பிழையென்றே அறியாத பலர் அதையே நிலமாகக் கொண்டு வீடு கட்டிக் குடியேறிய பின்னர், அதனைத் திருத்த வருபவரின் கடமை எத்தகையது? உள்ளதைச் சொல்லிவிட்டேன் என்று அவர் கைகழுவிக்கொள்ளலாமா?

இத்தகைய வினாக்களை அறநூல்களின் வழியே ஆராய்வது நம் மரபு. நான் இக்கட்டுரையில் கணினித் துறையில் அடிக்கடி நிகழும் ஒரு சிறு நிகழ்ச்சியின் வழியே ஆராய விழைகிறேன். சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிகளில் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தவுடன், அவற்றின் வலையமைப்பு இணைப்பு அறுந்துபோவதுண்டு. துறை சார்ந்தோர்க்கு இது பழகிப்போன தொல்லை. அவர்கள் சலிப்போடு சரிசெய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ, பெயர், உண்மை, வாக்குறுதி ஆகிய மூன்றும் அந்தச் சிறு தொல்லைக்குள் பின்னிக் கிடப்பதாகத் தோன்றுகிறது.

முதலில் செய்தியை விளங்கிக்கொள்வோம். சர்வர் என்பது நம் பள்ளி அலுவலகத்தில் உள்ள கணினியைப் போன்றதே. ஆயினும், அதற்கெனத் திரையும் விசைப்பலகையும் பெரும்பாலும் இருப்பதில்லை. குளிரூட்டப்பட்ட கூடத்தில், இரும்பு அடுக்குகளில், நூற்றுக்கணக்கான துணைவர்களோடு அது நிற்கும். மருத்துவமனையின் பதிவேடு, வங்கியின் கணக்கு, மாணவரின் தேர்வுப் புள்ளி ஆகிய யாவும் அதனிடம் இருக்கும். அதனோடு நாம் பேசுவதற்குரிய வாயில் வலையமைப்புக் கம்பி. அக்கம்பி வந்து சேரும் உறுப்பை வலையமைப்பு அட்டை என்பர். ஒரு சர்வரில் இத்தகைய வாயில்கள் இரண்டோ, நான்கோ, அதற்கு மேலுமோ இருக்கும்.

இனி, ஃபர்ம்வேர் என்பது யாது? மின்விசையை அழுத்தியவுடன், லினக்ஸ், விண்டோஸ் முதலிய இயங்குதளங்கள் கண்விழிப்பதற்கு முன்பே எழுந்து, என்னென்ன உறுப்புகள் எங்கெங்கே உள்ளன என்று எண்ணிப் பட்டியலிட்டு, அப்பட்டியலை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் அடிப்படை நிரலே அது. விடியற்காலையில் வந்து வகுப்பறைகளைத் திறந்து, மேசை நாற்காலிகளை எண்ணிக் குறித்துவைக்கும் பள்ளிக் காவலரை அதற்கு ஒப்பிடலாம். பிறகு வரும் தலைமையாசிரியர் தாமே எண்ணிப் பார்ப்பதில்லை. காவலரின் குறிப்பை நம்பியே அன்றைய பணியைத் தொடங்குகிறார்.

சர்வரைப் பேணும் நிருவாகி ஒரு கோப்பில், "இன்ன பெயருடைய வாயிலுக்கு இன்ன முகவரி" என்று எழுதி வைத்திருப்பார். இயங்குதளம் ஒவ்வொரு முறை எழும்போதும் அக்கோப்பைப் படித்து, அப்பெயருடைய வாயிலைத் தேடி, முகவரியை அதற்கு வழங்கும். பெயர் பொருந்தவில்லையாயின் முகவரி வழங்கப்படுவதில்லை. சர்வரின் நினைவகம் நலமாக இருக்கும். வட்டுகள் நலமாக இருக்கும். உள்ளே சேமித்த செய்திகள் ஒன்றேனும் கெட்டிரா. ஆயினும், அது வெளியுலகுக்குச் செவிடும் ஊமையுமாக நிற்கும்.

ஒரு வாயிலின் பெயர் எப்படி மாறும் என்று கேட்கலாம். இவ்விடத்தில் கணினியாளர் பட்ட பாடு இலக்கணம் பயின்றோர்க்குச் சுவை தரக்கூடியது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தில் நெடுங்காலம் இவ்வாயில்களுக்கு ஈத்0, ஈத்1, ஈத்2 என்றே பெயர் வழங்கிற்று. ஈதர்நெட் என்னும் சொல்லின் தலைப்பகுதியோடு ஓர் எண், அவ்வளவே. எந்த அட்டை முதலில் கண்ணிற் பட்டதோ, அதற்குச் சுழியம், அடுத்ததற்கு ஒன்று. வகுப்புக்கு முந்தி வந்தவனுக்கு முதல் எண் என்பது போன்ற ஏற்பாடு. ஒரே அட்டை இருந்தவரை இதனால் இடரில்லை. பல அட்டைகள் வந்து, அவற்றை இயங்குதளம் ஒரே வேளையில் எழுப்ப முற்பட்டபோது, எது முந்தும் எது பிந்தும் என்று சொல்ல இயலாமற் போயிற்று. நேற்று ஈத்0 என நின்றது இன்று ஈத்1 ஆயிற்று. தெருவை நோக்கிய வாசலுக்கு எழுதிய காவல் விதி அடுக்களை வாசலுக்கும், அடுக்களை வாசலின் விதி தெருவாசலுக்கும் போயின. இதன் அபாயத்தை விளக்க வேண்டுவதில்லை.

இதனைத் தடுக்க ஒரு வழி கண்டனர். ஒவ்வோர் அட்டைக்கும் ஆலையிலேயே மேக் முகவரி என்னும் தனி எண் ஒன்று தரப்படுகிறது. அவ்வெண்ணைப் பெயரோடு பிணைத்து ஒரு கோப்பில் எழுதி வைத்தனர். அட்டை இருக்குமட்டும் பெயர் நிலைத்தது. ஆனால், அட்டை பழுதுபட்டு வேறொன்றைப் பொருத்தினால், புதியதற்கு ஈத்0 கிடைக்கவில்லை. ஈத்1 என்ற பெயரே கிடைத்தது. இல்லாமற் போனதற்கே ஈத்0 உரியதெனக் கோப்பு காத்து நின்றது. இறந்தவரின் நாற்காலியில் எவரையும் அமரவிடாமல் துணி போர்த்தி வைத்திருக்கும் வீட்டைப் போன்றது அது.

பின்னர்ப் பிறந்ததே இடத்தால் பெயரிடும் முறை. 2011-இல் வெளிவந்த ஃபெடோரா 15-இல், டெல் நிறுவனத்தார் உருவாக்கிய பயாஸ்டெவ்நேம் என்னும் கருவி இதற்கு வழிகாட்டிற்று. 2013 சனவரியில் சிஸ்டம்டி என்னும் அமைப்பின் 197-ஆம் பதிப்பு இம்முறையை விரிவாக்கிற்று. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஏழாம் பதிப்பு 2014-இலும், டெபியன் ஒன்பதாம் பதிப்பு 2017-இலும் இதனை ஏற்றன. இம்முறைப்படி, தாய்ப்பலகையிலேயே அமைந்த வாயிலுக்கு ஃபர்ம்வேர் ஒரு வரிசை எண்ணைத் தந்திருந்தால் இஎன்ஓ1 என்பது போன்ற பெயர் அமையும். செருகப்பட்ட அட்டைக்குச் செருகுவாய் எண் தெரிந்தால் இஎன்எஸ்1 என்பது போல அமையும். இவ்விரண்டும் இல்லையாயின், எந்தத் தரவுத்தடத்தில் எத்தனையாவது இடம் என்பதைக் கொண்டு இஎன்பி3எஸ்0 என்பது போல அமையும். இப்பெயர்களை "முன்கூட்டி அறியத்தக்க பெயர்கள்" என்றே அவற்றைப் படைத்தோர் அழைத்தனர். அவர்கள் ஆசை நியாயமானது.

பவணந்தியாரின் நன்னூலைக் கற்பிப்போர்க்கு இங்கே ஒன்று உடனே நினைவுக்கு வரும். பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக் காண்பது நம் இலக்கணம். ஈத்0 என்பது ஏறத்தாழ இடுகுறிப் பெயர். அதனைக் கேட்டு அந்த அட்டை எங்குள்ளதென அறிய இயலாது. இஎன்பி3எஸ்0 என்பதோ தெளிவான காரணப்பெயர். பெயரைப் பிரித்தால் இருப்பிடம் புலப்படும். இடுகுறியால் வந்த குழப்பத்தைத் தீர்க்கக் காரணப்பெயரை நாடினர் கணினியாளர். அறிவுக்கு இசைந்த செயலே. ஆயினும், காரணப்பெயருக்கு ஒரு வலுக்குறைவு உண்டு. காரணம் மாறினால் பெயர் என்னாவது?

நாற்காலி என்பது காரணப்பெயர் என்று நாம் மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்நாற்காலியின் கால் ஒன்று ஒடிந்துவிடுகிறது. அதன்பின் அதனை முக்காலி என்று எவரேனும் அழைப்பாரா? அழையார். "ஒரு கால் ஒடிந்த நாற்காலி" என்றே அழைப்பர். காரணத்தால் பிறந்த பெயர், வழக்கில் வந்தபின் காரணத்தை விட்டு விடுதலை பெற்றுவிடுகிறது. அது பொருளை வருணிக்கும் சொல்லாக நில்லாமல், பேசுவோர் பலரும் உடன்பட்டுக் கொண்ட ஓர் ஒப்பந்தமாகிவிடுகிறது. சொல்லுக்குக் காரணம் உண்டெனினும் அது பார்த்தவுடன் தெளிவாகத் தோன்றாது என்று தொல்காப்பியர் கருதியதும் இதனோடு எண்ணத்தக்கது. கணினியோ ஒவ்வொரு முறை கண்விழிக்கும்போதும் கால்களை எண்ணிப் பார்த்துப் பெயரிடுகிறது. ஒரு கால் குறைந்தால் மறுநாட் காலையில் அது முக்காலி. "நாற்காலியைக் கொண்டுவா" என்று நேற்று எழுதி வைத்த ஆணை இன்று ஆளற்றுப் போகிறது.

இப்போது ஃபர்ம்வேர்ப் புதுப்பிப்புக்கு வருவோம். பழைய ஃபர்ம்வேரில் ஒரு குறை இருந்தது எனக் கொள்வோம். தாய்ப்பலகையில் உள்ள வாயிலுக்கு அது வரிசை எண்ணைத் தரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தது. எண் இல்லாததால் இயங்குதளம் அடுத்த விதிக்குச் சென்று, இஎன்பி3எஸ்0 என்று பெயரிட்டது. நிருவாகி அப்பெயரையே கோப்பில் எழுதினார். ஆண்டுகள் சென்றன. ஃபர்ம்வேரைப் படைத்தோர் தம் குறையைக் கண்டு, புதிய பதிப்பில் வரிசை எண்ணை முறையாக எழுதினர். சர்வர் அணைந்து எழுந்தது. இம்முறை எண் இருந்ததால் இயங்குதளம் முதல் விதியைப் பின்பற்றி இஎன்ஓ1 என்று பெயரிட்டது. கோப்பிலோ பழைய பெயர். வாயில் அங்கேயே இருக்கிறது, கம்பியும் அதிலேயே செருகியிருக்கிறது, அழைப்பார் இல்லை.

வேறொரு வகையாலும் இது நிகழும். புதிய ஃபர்ம்வேர் ஏதோ ஓர் உறுப்பைப் புதிதாகக் கணக்கில் சேர்த்தாலோ நீக்கினாலோ, தரவுத்தடங்களின் எண்ணிக்கை நகர்ந்து, மூன்றாவது தடமாக இருந்தது நான்காவதாகிவிடும். இதில் முதல் வகையே என் கருத்தைக் கவர்ந்தது. அதில் எவரும் பொய் சொல்லவில்லை. எவரும் எதையும் உடைக்கவில்லை. ஒரு குறை நிறைவுற்றது. அதனாலேயே தீங்கு விளைந்தது.

தீங்கு எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். என் பழைய மாணவர் ஒருவர் சைபர்ஜெயாவில் சர்வர்களைப் பேணும் பணியில் இருக்கிறார். இத்தகைய வேலையை நள்ளிரவுக்குப் பின்னரே செய்வார்களாம். பயன்படுத்துவோர் உறங்கும் நேரம் அதுவே. ஓர் இரவு கிள்ளானில் தம் வீட்டிலிருந்தபடியே ஒரு சர்வரின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்திருக்கிறார். அது அணைந்தது, மீண்டும் எழுந்து பேசவில்லை. ஐந்து நிமிடம் காத்தார். பத்து நிமிடம் காத்தார். பிறகு காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கூடத்தில் சென்று திரையையும் விசைப்பலகையையும் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தால், சர்வர் எவ்விதக் குறையுமின்றி இயங்கிக்கொண்டிருந்ததாம். "பெயர் மட்டும் மாறிப்போச்சு ஐயா" என்றார். கோப்பில் ஒரே ஒரு சொல்லைத் திருத்த அவருக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. அதற்காகப் போய்வந்த வழியும், அதுவரை அந்தச் சர்வரை நம்பியிருந்த அலுவலகத்தில் நின்றுபோன வேலையும் கணக்கில் வருவதில்லை.

இதில் குற்றவாளி யார்? ஃபர்ம்வேரை எழுதியவரைக் கேட்டால், "என் பட்டியலில் வெற்றிடம் இருந்தது, நிரப்பினேன். உண்மையைச் சொல்வது குற்றமா?" என்பார். பெயரிடும் விதியை வகுத்தவரைக் கேட்டால், "விதியை நான் மாற்றவில்லை. தரப்பட்ட செய்தி மாறியது, பெயரும் மாறிற்று" என்பார். நிருவாகியைக் கேட்டால், "நீங்கள் சூட்டிய பெயரைத்தானே எழுதினேன்? அதுவும் முன்கூட்டி அறியத்தக்க பெயர் என்று நீங்களே சொன்னீர்களே?" என்பார். மூவர் சொல்வதும் மெய். ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் செவ்வனே நடந்திருக்கிறார்கள். ஆயினும் நடுவில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்திருக்கிறது.

அறநூல்கள் பெரும்பாலும் தீயவன் ஒருவனை முன்னிறுத்தியே தீமையை விளக்கும். தீயவன் எவனுமின்றி விளையும் தீமைக்கு நாம் போதிய அளவு பழக்கப்படவில்லை. "யார் பிழை?" என்று தேடுகிறோம், கிடைக்கவில்லையாயின் "ஊழ்" என்கிறோம். எனக்கு இவ்விரண்டும் உடன்பாடில்லை. குற்றம் இல்லாத இடத்திலும் கடமை இருக்கக்கூடும் என்பதே என் துணிபு.

காரணத்தைச் சொல்கிறேன். ஒருவர் ஒரு பெயரை வெளியிட்டு, அதனைப் பிறர் பயன்படுத்த விட்டுவிட்டால், அது அவர் வாய்ச்சொல்லாக மட்டும் இருப்பதில்லை. வெளிப்படையாக "இதனை மாற்றமாட்டேன்" என்று அவர் உறுதி கூறாவிட்டாலும், பிறர் அதனை நம்பி ஒழுகுவதைக் கண்டும் கேட்டும் வாளாவிருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்த உறுதியின் ஒரு பகுதியை அவர் எழுதிக்கொண்டே போகிறார். கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய ஹைரம் ரைட் என்னும் பொறியாளரின் பெயரால் வழங்கும் ஒரு கருத்துண்டு. பயனாளர் போதிய அளவு பெருகிவிட்டால், ஓர் அமைப்பின் எந்த இயல்பாயினும், அது வாக்களிக்கப்பட்டதோ அன்றோ, யாரேனும் ஒருவர் அதனைச் சார்ந்திருப்பார் என்பது அதன் சாரம். அவர் இதனை அறமாகச் சொல்லவில்லை. கண்ட உண்மையாகவே சொன்னார். ஆனால், யாரேனும் சார்ந்திருப்பார் என்று தெரிந்தபின் அதனை மாற்றுபவர், தெரியாதவர்போல் நடந்துகொள்ள முடியாது.

லினக்சின் கருவகத்தை 1991-இல் தொடங்கி வளர்த்துவரும் லினஸ் டோர்வால்ட்ஸ் இவ்வகையில் மிகக் கடுமையான நிலைப்பாடு உடையவர். கருவகத்தில் செய்யும் மாற்றத்தால் பயனாளரின் நிரல் ஒன்று நின்றுபோனால், அது கருவகத்தின் பிழையே அன்றி அந்நிரலின் பிழை அன்று என்பது அவர் விதி. 2012 இறுதியில் இதன்பொருட்டு உடன்பணியாளர் ஒருவரைப் பலரறிய அவர் கடிந்துகொண்ட மொழி நம் பள்ளிகளில் சொல்லத்தக்கதன்று. ஆனால், கொள்கை உயர்ந்தது என்றே சொல்வேன். இருந்தும் பாருங்கள்: ஈத்0 என்பதை இஎன்பி3எஸ்0 ஆக்கியது கருவகம் அன்று, அதற்கு மேலே அமைந்த அடுக்கு. இஎன்பி3எஸ்0 என்பதை இஎன்ஓ1 ஆக்கியது கருவகத்துக்கும் கீழே அமைந்த அடுக்கு. நடுவில் இருப்பவர் தம் வாக்கைக் காத்து நிற்க, மேலும் கீழும் இருப்போரால் அவ்வாக்கு பயனற்றுப் போகிறது. ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் நாணயமாக இருந்து பயனில்லை.

இங்கே எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. "பிறர் சார்ந்திருக்கிறார்கள் என்பதற்காகப் பிழையைத் திருத்தாமலே இருக்கலாமா? அப்படியாயின் உலகில் எந்தச் சீர்திருத்தமும் நடந்திராதே" என்று அவர்கள் வினவுவர். வலிமையான வினாவே. ஃபர்ம்வேரைப் புதுப்பியாமல் விடுவதும் குற்றமற்ற செயல் அன்று. 2018 சனவரித் தொடக்கத்தில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்னும் இரு பெருங்குறைகள் வெளிப்படுத்தப்பட்டன. கணினிச் செயலிகளின் உள்ளமைப்பிலேயே இருந்த குறைகள் அவை. ஒரு நிரலின் மறைபொருளை மற்றொரு நிரல் களவாட இடமளித்தவை. அவற்றுள் சிலவற்றை அடைக்க ஃபர்ம்வேர் வழியாகவே திருத்தம் வந்து சேர வேண்டியிருந்தது. "என் சர்வர் நன்றாக ஓடுகிறது, தொடமாட்டேன்" என்று சொன்ன நிருவாகி, தம் அமைதிக்காகப் பிறருடைய மறைபொருளைப் பணயம் வைத்தவராவார். ஆனால், அவசரமாகத் திருத்தியவர்க்கும் அமைதி கிட்டவில்லை. அதே மாதம் 22-ஆம் நாள் இன்டெல் நிறுவனம், தான் வெளியிட்ட திருத்தத்தால் கணினிகள் எதிர்பாராமல் அணைந்து எழுகின்றன என்பதால், அதனைப் பொருத்துவதை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டது.

ஆகவே, திருத்தலாமா கூடாதா என்பது என் வினா அன்று. திருத்தியே ஆகவேண்டும். திருத்தத்தோடு சேர்த்துத் திருத்துபவர் வேறு எதையேனும் தரக் கடமைப்பட்டவரா என்பதே வினா.

நம் மொழியில் நிகழ்ந்த ஒரு திருத்தத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. பெரியார் நெடுநாள் வலியுறுத்திக் கையாண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் வடிவம் மாறிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அம்மாற்றம் பின்னர் வந்து சேர்ந்தது. மாற்றம் வந்தபோது முணுமுணுப்பு இருந்தது. இருப்பினும், பழைய நூல்கள் ஒரே இரவில் படிக்க இயலாதவை ஆகிவிடவில்லை. யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய லகர ஐகாரத்தைக் கண்ட மாணவன் சற்றுத் தயங்கினான், முன்பின் சொற்களைக் கொண்டு இன்னதென ஊகித்தான், மேலே படித்தான். சில ஆண்டுகள் இரு வடிவங்களும் அருகருகே வாழ்ந்தன. பழையதில் பழகிய கை பழையபடி எழுதிற்று. எவரும் அதனைப் புள்ளி குறைத்துத் தண்டித்ததாக நான் அறியேன்.

அங்கே திருத்தத்தின் வன்மையைத் தணித்தது எது? படிப்பவரின் பெருந்தன்மை. எழுதியது சற்று மாறினும், எழுதியவர் கருதியது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தாமே முன்வந்து பொருள் கொள்ளும் இயல்பு மனிதர்க்கு உண்டு. ஆசிரியத் தொழிலே அவ்வியல்பின்மேல்தான் நடக்கிறது. "இஎன்பி3எஸ்0 இல்லை, ஆனால் அதே அட்டை இஎன்ஓ1 என்று நிற்கிறது, நிருவாகி கருதியது இதனைத்தான்" என்று எண்ணிப் பார்க்கும் பெருந்தன்மை சர்வருக்கு இல்லை. எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் உண்டு, இன்றேல் இல்லை. அதனைக் குறைசொல்லவும் இயலாது. தானாக ஊகித்துத் தெருவாசலையும் அடுக்களை வாசலையும் மாற்றித் திறந்துவிட்டால் தீங்கு இன்னும் பெரிதாகும். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஏற்பவரிடத்தில் பெருந்தன்மை இல்லாத இடத்தில், அந்தப் பொறுப்பும் சேர்ந்து திருத்துபவரின் தலையில் விழுகிறது.

அப்பொறுப்பை உணர்ந்து நடந்தவர்களும் உண்டு. சிஸ்டம்டியைப் படைத்தோர் தம் பெயரிடும் விதிகளை அவ்வப்போது செம்மைப்படுத்தி வந்தனர். ஒவ்வொரு செம்மையும் எங்கோ ஒரு வாயிலின் பெயரை மாற்றிற்று. 2018 இறுதியில் வெளிவந்த 240-ஆம் பதிப்பில் அவர்கள் ஓர் ஏற்பாடு செய்தனர். விதிகளின் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பெயரிட்டு, பழைய தலைமுறையையும் உள்ளேயே வைத்தனர். "எனக்கு 238-ஆம் பதிப்பின் விதிகளே போதும்" என்று நிருவாகி ஒரு வரி எழுதினால், அமைப்பு அவ்வாறே நடந்துகொள்ளும். புதியது சரியானது என்று தெரிந்தும், பழையதை நம்பியிருப்பவருக்கு அதற்குள்ளேயே ஓர் அறை ஒதுக்கித் தந்த செயல் இது. கணினியாளரின் எழுத்துகளில் நான் கண்ட பண்புகளுள் இதனை மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால், அது விதி மாறுவதற்குத்தான் மருந்து. விதி மாறாமல், ஃபர்ம்வேர் தரும் செய்தி மாறும்போது அவ்வேற்பாடு உதவாது. காவலரின் குறிப்பு மாறினால் தலைமையாசிரியரின் நல்லெண்ணம் என்ன செய்யும்?

எனவே கடன் மீண்டும் ஃபர்ம்வேர் எழுதுவோரிடமே வந்து நிற்கிறது. அவர்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதன்று. புதிய பதிப்பை வெளியிடும்போது உடன் ஒரு குறிப்பும் வெளியிடுகிறார்கள். அக்குறிப்புகள் பலவற்றில் "நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது" என்பது போன்ற வரிகளே காணப்படும். நம் மாணவன் கட்டுரையில் இப்படி எழுதினால் "எதனுடைய நிலைத்தன்மை? எவ்வாறு?" என்று ஓரத்தில் வினாக்குறி இடுவோம். "வாயில்களின் வரிசை எண் இப்பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது, இதனால் அவற்றின் பெயர் மாறலாம்" என்று ஒரு வரி இருந்திருந்தால், என் மாணவர் அன்றிரவு கோப்பை முன்னதாகவே திருத்தி வைத்திருப்பார். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியைத் திறந்து வைத்தல் இரண்டாவது கடன். சில கருவிகளில் புதியதைப் பொருத்தியபின் பழையதை மீண்டும் ஏற்கவே விடுவதில்லை. களவுக்கு இடமளிக்கும் பழைய பதிப்புக்குத் திரும்பாதிருக்கவே இத்தடை என்பர். சில இடங்களில் அது நியாயம். எல்லா இடத்திலும் நியாயம் என்று நான் நம்பவில்லை.

"எழுதியவர் எங்கோ இருக்கிறார், பயன்படுத்துவோரை அவர் கண்டதேயில்லை, காணாதவர்க்குக் கடன்படுவது எங்ஙனம்?" என்று கேட்போர் உண்டு. பாடநூல் எழுதுவோர் தம் நூலைப் படிக்கும் பிள்ளைகளைக் காண்பதில்லை. அதனால் அவர்தம் கடன் குறைவதாக நாம் எவரும் கருதியதில்லை. முகம் தெரியாதவர்பால் உள்ள கடன், சொல்லப்போனால், இன்னும் கண்டிப்பானது. முகம் தெரிந்தவர் நேரில் வந்து கேட்டுக்கொள்வார். முகம் தெரியாதவர்க்கு அக்குறிப்பை விட்டால் வேறு வாயில் இல்லை.

சார்ந்திருப்போர்க்கும் கடன் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. வாயிலின் பெயரை அமைப்பின் போக்கில் விடாமல், மேக் முகவரியைக் கொண்டு தாமே ஒரு பெயர் சூட்டிக்கொள்ள இன்று வழியுண்டு; "தெருவாசல்", "உள்வாசல்" என்று தொழிலுக்கேற்பப் பெயரிடுவோரும் உளர். அது மீண்டும் இடுகுறியை நாடுவதே. ஆனால் அறிந்து நாடுவது. அட்டையை மாற்றும் நாளில் அதுவும் தவறும் என்பதை முன்னரே கண்டோம். வரிசையால் வந்த பெயரைக் காலம் கெடுக்கிறது. இடத்தால் வந்த பெயரை இடம் குறித்தவரின் திருத்தம் கெடுக்கிறது. உடம்பால் வந்த பெயரை உடம்பின் அழிவு கெடுக்கிறது. முற்றும் கேடற்ற பெயர் என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. எந்தக் கேட்டைத் தாங்க இயலும் என்று தேர்ந்துகொள்வதே நிருவாகிக்கு எஞ்சிய உரிமை.

மேலும், எல்லாச் சர்வர்களையும் ஒரே இரவில் திருத்த முற்படுவது நிருவாகியின் பக்கத்துத் தவறு. 2024 சூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு திருத்தத்தால், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் எழ இயலாமல் நின்றன. அது ஃபர்ம்வேர் அன்று. ஆயினும் இடரின் உருவம் ஒன்றே. நின்றுபோன கணினியைத் தொலைவிலிருந்து திருத்த வழியில்லாததால், பல இடங்களில் மனிதர் ஒவ்வொரு கணினியின் முன்னும் நேரில் சென்று நிற்க வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம் எல்லாருக்கும் ஒரே வேளையில் போய்ச் சேர்ந்தது. சிலரிடம் முதலில் தந்து பார்த்துவிட்டுப் பிறர்க்குத் தரும் வழக்கத்தை அந்நிறுவனம் அதற்குப் பிறகே இத்தகைய திருத்தங்களுக்கும் மேற்கொண்டது.

என் மாணவர் இப்போது அவ்வாறே செய்கிறார். ஒத்த சர்வர்கள் பத்து இருந்தால், எவர்க்கும் உடனடித் தேவையில்லாத ஒன்றை முதலில் புதுப்பித்து, பெயர்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு வாரம் விட்டு வைக்கிறார். மற்ற ஒன்பதையும் அதன்பிறகே தொடுகிறார். அந்த ஒரு வாரத்தில் அவர் கண்டறியும் மாற்றங்களை ஃபர்ம்வேர் வழங்குவோர்க்கு எழுதி அனுப்புவதும் உண்டாம். மறுமொழி வந்ததா என்று கேட்டேன். ஒருமுறை வந்தது என்றார். அடுத்த பதிப்பின் குறிப்பில் அவர் கேட்ட அந்த வரி சேர்க்கப்பட்டிருந்ததாம்.